தீய பழக்கம் எதுவும் இல்லாதவர்

கூரை ஒழுகினால் அந்த வீட்டில் கூரையைக் குறை சொல்லக் கூடாது. "கூரை நல்ல கூரைதான் டீச்சரு. இந்த வருசம் மழைதான் எதிர்ப்பக்கமா வந்துகினு கீது" என்பாள் அக்கா. சரி, மழையையாவது திட்டலாம் என்றால் அதற்கும் விடமாட்டாள். "பாவம், அதுவும் எத்தினி ஊருக்குப் போவணும்" என்று மழைக்கும் ஒரு நியாயம் வைத்திருப்பாள்.

எண்பதுகளின் தொடக்கத்தில், ஒரகடத்துக்கும் வல்லத்துக்கும் நடுவில் இருந்த ஓர் ஊருக்கு நான் ஆசிரியையாக மாற்றலாகிப் போனேன். நான் அக்கா என்று கூப்பிட்ட வீட்டுக்காரம்மாவிடம் ஒரு பக்க அறையில் வாடகைக்கு இருந்தேன். எனக்கு அப்போது இருபத்தாறு வயது. கல்யாணம் ஆகவில்லை, கோபம் மட்டும் நிறைய உண்டு. அக்காவுக்கு நாற்பதை ஒட்டி இருக்கும். பிள்ளை இல்லை. கணவர் ஊர்க்கோடியில் இருந்த அரிசி மில்லில் மிஷின் ஓட்டினார். அவரை நான் அண்ணன் என்று கூப்பிடுவேன்.

அக்கா யாரையும் விட்டுக்கொடுத்துப் பேசி நான் கேட்டதில்லை. இதைப் பாராட்டாகச் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். கூடவே இருந்து பார்த்தால்தான் தெரியும், அது எவ்வளவு எரிச்சலான குணம் என்று. ஒருநாள் அவளுடைய ஆடு என் அறைக்குள் புகுந்து ஐந்தாம் வகுப்புப் பரீட்சைத் தாள்களில் பாதியைத் தின்றுவிட்டது. நான் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். அக்கா வந்து மிச்சத் தாள்களை எடுத்துப் பார்த்தாள். "நல்லா எழுதுன புள்ளைங்க பேப்பரையெல்லாம் அது தொடல பாருங்க" என்றாள். எதிர்வீட்டுக்காரி இருக்கிறாளே, அவளுக்கும் அக்காவுக்கும் சாக்கடை விஷயமாகச் சண்டை. தெருவே கூடி நிற்கும்படி அவள் அக்காவைக் கண்டபடி ஏசினாள். முடிந்ததும் அக்கா உள்ளே வந்து என்னிடம் சொன்னது: "இன்னா கொரலு பாத்தீங்களா! தொண்ட வத்தாம எம்மாம் நேரம் பேசறா."

இந்தக் குணத்துக்கெல்லாம் தலையாய சோதனை அண்ணன்தான்.

அண்ணன் குடிப்பார். குடிக்காத நேரத்தில் அவரைப் போல் சாது கிடையாது. வாசலில் பெண்கள் யாராவது உட்கார்ந்திருந்தால் கொல்லைப்புறமாகச் சுற்றிக்கொண்டு வருவார். ஆனால் மில்லிலிருந்து வீட்டுக்கு வரும் வழியில் சாராயக்கடை இருந்தது. கடையைத் தாண்டி ஏரிக்கால்வாய். அந்தக் கால்வாய்க் கரைக்கும் வீட்டுக்கும் இடையில் எங்கே விழுந்து கிடப்பார் என்று சொல்ல முடியாது. ஆள் விழுந்த செய்தி வந்ததும் அக்கா அழமாட்டாள், கத்தமாட்டாள். ஒரு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போவாள். அவர் தலைக்கு அடியில் துண்டை மடித்து வைத்து, கையருகே மண்வெட்டியைச் சாய்த்துவிட்டு, கொஞ்சம் தள்ளி உட்கார்ந்துகொள்வாள். போகிற வருகிறவர்களிடம், "காலையிலேர்ந்து வரப்பு வெட்டுனாரு. அசதி, படுத்துட்டாரு" என்பாள். அண்ணனுக்கு வரப்பும் கிடையாது, வயலும் கிடையாது. ஊரில் எல்லோருக்கும் அது தெரியும். ஆனாலும் ஒருவரும் சிரிக்காமல், "ஆமா ஆமா, வெயில்ல வேல செஞ்சா அப்டித்தான்" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். அக்காவின் முகத்துக்காக அந்த ஊர் அவ்வளவு செய்தது.

முனீஸ்வரன் கோயிலில் குடிக்கமாட்டேன் என்று சத்தியம் செய்து கையில் கயிறு கட்டிக்கொள்ளும் வழக்கம் அந்தப் பக்கமெல்லாம் உண்டு. அண்ணனும் ஒரு மண்டலத்துக்குக் கட்டிக்கொண்டார். ஒன்பதாம் நாள் கால்வாய்க் கரையில் கிடந்தார். நான் அக்காவிடம், "என்ன அக்கா, சாமிக்குமா பயமில்ல?" என்று கேட்டேன். அவளுக்கு அன்றைக்கு நிஜமாகவே கஷ்டமாகிவிட்டது. புருஷனையும் விட்டுக்கொடுக்க முடியாது, முனீஸ்வரனையும் விட்டுக்கொடுக்க முடியாது. ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, "கயிறு நைஞ்ச கயிறு டீச்சரு" என்றாள்.

இப்படியே ஓடிக்கொண்டிருந்திருக்கும். ஆனால் அந்த வருடம் அண்ணனுக்குக் கால் வீங்கியது, கண் மஞ்சளாயிற்று. காஞ்சிபுரத்தில் ஒரு டாக்டரிடம் காட்டினோம். அவர் அக்காவிடம் சொல்லிப் பயனில்லை என்று எப்படியோ கண்டுபிடித்து என்னைத் தனியே அழைத்தார். "இன்னும் ஒரு வருஷம் இப்படிக் குடிச்சா ஆள் இருக்கமாட்டார். மெட்ராஸ்ல ஒரு இடம் இருக்கு. ஒரு மாசம் உள்ளேயே வச்சுக் குடியை விட வைக்கிறாங்க. எழுதிப் போடுங்க" என்று சீட்டில் முகவரி எழுதிக் கொடுத்தார். மில் முதலாளியும் அதைக் கேட்டுவிட்டு, "சேத்து சொகமாக்கி இட்டுகினு வா. வேல அப்டியே இருக்கும். இல்லாங்காட்டி நான் வேற ஆளப் பாத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டார். அண்ணன் மறுக்கவில்லை. "சேர்றேன்" என்று ஒரே வார்த்தை சொன்னார். அவருக்கும் பயம் வந்திருந்தது.

எழுதிப் போட்டோம். பத்து நாளில் விண்ணப்பப் படிவம் வந்தது. நான்கு பக்கம். வீட்டில் இருப்பவர் சொல்லச் சொல்ல எழுத வேண்டும் என்று மேலேயே அச்சடித்திருந்தது. நான் பேனாவைத் திறந்தேன். அக்கா முந்தானையைச் சரிசெய்துகொண்டு எதிரில் உட்கார்ந்தாள்.

"எவ்வளவு காலமா குடிக்கிறார்னு கேட்டிருக்கு."

"சமீபமாதான்னு போடுங்க."

"அக்கா, நான் வந்தே மூணு வருஷம் ஆச்சு."

"மூணு வருசம் ஒரு காலமா டீச்சரு?"

"சரி, எவ்வளவு குடிப்பார்?"

"எப்பனா. ஒடம்பு வலிக்கு."

"இவரோட குடியினால குடும்பத்துக்கு வந்த துன்பம் என்ன?"

"எதனா ஒண்ணு போட்டே ஆவணுமா?"

"போடணும் அக்கா."

"வூட்ல சரியா சாப்ட மாட்டேங்கறாருன்னு போடுங்க."

நான் அப்படியே எழுதினேன். கீழே கையெழுத்து அவளுடையது, அதனால் வார்த்தையும் அவளுடையதாக இருக்கட்டும் என்று நினைத்தேன். என் சோம்பேறித்தனம் என்றும் சொல்லலாம். உறையை நான் ஒட்டப்போகும்போது அக்கா, "இருங்க, இன்னும் ஒரு பேப்பர் வெக்கணும், நானே வெச்சி ஒட்டி போட்டுட்றேன்" என்று வாங்கிக்கொண்டாள். ரேஷன் கார்டு நகலாக இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

மூன்று வாரம் கழித்துப் பதில் வந்தது. நான் அதை வாய்விட்டுப் படித்தேன். "விண்ணப்பதாரர் எப்போதாவது உடல் வலிக்காக அருந்துபவர் என்று தாங்கள் தெரிவித்துள்ளீர்கள். தீய பழக்கம் எதுவும் இல்லாதவர் என்று தலைமை ஆசிரியரும் சான்றளித்துள்ளார். எங்களிடம் இடங்கள் மிகக் குறைவாக இருப்பதால், இவரைச் சேர்க்க வேண்டிய அவசியம் இருப்பதாகத் தெரியவில்லை."

தலைமை ஆசிரியரா? விசாரித்தேன். அக்கா எங்கள் பள்ளிக்குப் போய், என் தலைமை ஆசிரியரிடமே நன்னடத்தைச் சான்றிதழ் வாங்கியிருக்கிறாள். மெட்ராஸில் ஓர் இடத்தில் சேர்க்க என்று சொல்லியிருக்கிறாள். அவர் வேலைக்காக்கும் என்று நினைத்து, எல்லோருக்கும் எழுதிக் கொடுக்கிற அதே நான்கு வரியை எழுதி முத்திரை குத்திக் கொடுத்துவிட்டார். பள்ளியில் சேர்வதற்கு, வேலையில் சேர்வதற்கு, கடன் சங்கத்தில் சேர்வதற்கு, எதற்குமே நன்னடத்தைச் சான்றிதழ் இல்லாமல் முடியாது. "நல்ல மனுசன்னு தெரிஞ்சாதான சேத்துப்பாங்க" என்றாள் அக்கா.

கடிதத்தைக் கேட்டு முதலில் அவள் முகம் மலர்ந்துவிட்டது. "பாத்தீங்களா, மெட்ராஸ்லயே சொல்ட்டாங்க, கெட்ட பழக்கம் இல்லன்னு!" என்று அண்ணன் பக்கம் திரும்பிச் சிரித்தாள். அண்ணன் சிரிக்கவில்லை. மஞ்சள் ஏறிய கண்ணால் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவளுக்கு அப்புறம்தான் புரிந்தது. "அப்ப சேத்துக்க மாட்டாங்களா?" என்று கேட்டபடியே தரையில் உட்கார்ந்தாள்.

எனக்கு வந்த கோபத்தில், "நல்லவர் நல்லவர்னு சொல்லியே நீ அவரைக் கொன்னுடப் போற அக்கா" என்று கத்திவிட்டேன். இன்றைக்கும் அதை நினைத்தால் நாக்கைக் கடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது. அக்கா என்னோடு இரண்டு நாள் பேசவில்லை. ஆனால் என் சத்தத்தைக் கேட்டு விசாரிக்க வந்த எதிர்வீட்டுக்காரியிடம் அவள் சொன்னது எனக்கு உள்ளே கேட்டது. "டீச்சரு மேல தப்பில்ல. அறுவது புள்ளைங்ககூட கத்திட்டு வருது, அந்த சூடு."

மறுபடி எழுதினேன். இந்த முறை அவளைக் கேட்காமல் நானே எழுதினேன். நடந்ததைச் சொல்லி, நேரில் வர ஒரு நாள் கேட்டேன். தேதி கொடுத்தார்கள்.

அக்கா அண்ணனைப் பெண் பார்க்கப் போகிறவர் மாதிரி ஜோடித்திருந்தாள். வெள்ளை வேட்டி, இஸ்திரி போட்ட சட்டை, நெற்றியில் விபூதி. காலையிலிருந்து ஒரு துளி இல்லாததால் அவருக்குக் கை நடுங்கியது. படப்பை வழியாகத் தாம்பரம் போகிற பஸ்ஸில் அந்தக் கையைத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டு, கண்டக்டரிடம், "அவருக்குக் குளுரு" என்றாள். சித்திரை மாசம் அது.

பழைய பெரிய வீடு ஒன்றில் அந்த இடம் இருந்தது. வராந்தாவில் எட்டுப் பத்துப் பேர் குடும்பத்தோடு காத்திருந்தார்கள். கண்ணாடி போட்ட ஓர் அம்மாள்தான் விசாரித்துச் சேர்க்கிறவர். முதலில் அண்ணனைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். பிறகு அக்காவையும் என்னையும் உள்ளே அழைத்தார்.

"வாரத்துல எத்தனை நாள் குடிப்பார்?"

"எப்பனாதாம்மா."

"உங்களை அடிச்சிருக்காரா?"

"அவரா! எறும்பக்கூட மிதிக்க மாட்டாரு."

"வீட்டுச் சாமான் ஏதாவது எடுத்துப் போயிருக்காரா?"

"அண்டா ஒண்ணு. அது நானே எடுத்துக்கோன்னு சொன்னதுதான்."

நான் மேசைக்கு அடியில் அவள் காலை மிதித்தேன். அவள் காலை நகர்த்திக்கொண்டாள். அந்த அம்மாள் பேனாவை மூடி வைத்தார். "உங்க வீட்டுக்காரர் என்ன சொன்னார் தெரியுமா? 'எனக்கு எதுவும் நெனப்புல நிக்கறதில்ல. அவளக் கேளுங்க, அவ சொல்றதுதான் நெசம்'னு சொன்னார். நீங்க இப்படிச் சொன்னா நான் என்னம்மா எழுதறது? இருக்கறது ஒரே ஒரு கட்டில். வெளியில பாத்தீங்க இல்ல, எத்தனை பேர்னு?"

அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். இருபது வருடப் பழக்கத்தை அந்த ஒரு நிமிடத்தில் அவளால் விட முடியவில்லை என்பதை நான் கண்ணால் பார்த்தேன். அண்ணனுக்குச் சாராயம் எப்படியோ அவளுக்கு இது அப்படி.

அந்த அம்மாளும் அதைப் பார்த்திருக்க வேண்டும். மறுபடி பேனாவைத் திறந்தார். "சரி. அவரைப் பத்தி ஒண்ணும் சொல்ல வேணாம். உங்களைப் பத்திச் சொல்லுங்க. காலையில எழுந்ததும் என்ன செய்வீங்க?"

"நானா?" அக்கா நிமிர்ந்தாள். அவளைப் பற்றி யாரும் கேட்டு அவளுக்குப் பழக்கம் இல்லை. "எழுந்து மொதல்ல மூச்சு வருதான்னு பாப்பேன்."

"யாருக்கு?"

"அவருக்குத்தான். மூக்காண்ட கை வெச்சிப் பாப்பேன். அப்பறம் பாய எடுத்தும்போயி அலசுவேன். அவரு வேட்டிய அலசுவேன். மில்லுக்குப் போயி இன்னிக்கு வர மாட்டாருன்னு சொல்லிட்டு வருவேன். ரெண்டு நாளு, மூணு நாளு சேந்தாப்ல போனா, நானே மூட்ட தெச்சிக் குடுத்துட்டு வருவேன். சாயங்காலம் தூக்க எடுத்துகினு அடுத்த ஊருக்குப் போயி வாங்கியாருவேன்."

"எதை வாங்கிட்டு வருவீங்க?"

அக்கா என் பக்கம் ஒரு தரம் பார்த்தாள். "அதான்மா. சாராயம்."

நான் அசந்துபோனேன். செக்கில் எண்ணெய் வாங்கப் போவதாகச் சொல்லித் தூக்கு எடுத்துக்கொண்டு அவள் போனதை எத்தனை மாலை பார்த்திருப்பேன்! அவள் குழம்பில் ஒருநாளும் எண்ணெய் மிதந்ததில்லை. கணக்குச் சொல்லித் தருகிற எனக்கு அது உறைக்கவே இல்லை.

"அவரு போனா வழியில வுழுந்துடறாரு. ஊரு பாக்குது. நான் வாங்கியாந்தா வூட்லயே குடிச்சிட்டு வூட்லயே வுழுவாரு. ரெண்டு வருசமா முடிஞ்ச அன்னிக்கெல்லாம் அதாம்மா பண்றேன். டாக்டரு சொன்னப்பறம்கூட வாங்கியாந்தேன், கை நடுங்குதேன்னு." அக்கா அழ ஆரம்பித்தாள். "அவரு மேல தப்பு இல்லம்மா. ஊத்திக் குடுத்தது நான். யாரனா சேக்கணும்னா என்னிய சேத்துக்கோங்க."

"ரெண்டு பேரையும்தான் சேக்கப் போறேன்" என்று சொல்லிவிட்டு அந்த அம்மாள் எழுதத் தொடங்கினார். நோயாளியோடு வீட்டு ஆளும் கூடவே தங்கிப் பாடம் கேட்க வேண்டும் என்பது அங்கே விதி. அதற்குள் அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அந்த ஹெட்மாஸ்டரு மேலயும் தப்பு இல்லம்மா, நான் கேட்டேன்னுதான் எழுதிக் குடுத்தாரு" என்றாள். அந்த அம்மாள் எழுதுவதை நிறுத்திவிட்டுச் சிரித்தார்.

அந்த ஒரு மாதம் ஆட்டை நான் பார்த்துக்கொண்டேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்தபோது அண்ணன் முகம் வற்றி, ஆனால் கண் வெளுத்து, பத்துப் பேருக்கு நடுவில் செய்தித்தாளை எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டிருந்தார். அந்த அம்மாள் என்னிடம் அக்காவைப் பற்றிப் புகார் சொன்னார். மற்ற பெண்கள் தங்கள் கணவனைப் பற்றி மனம் திறந்து அழுகிற நேரத்தில் இவள் நடுவில் புகுந்து, "அவரும் நல்ல மனுசன்தான், நேரம் செரியில்ல" என்று பேசுகிறாளாம். "இங்க இருக்கற அத்தனை குடிகாரங்களுக்கும் உங்க அக்காதான் வக்கீல்" என்றார். ஆனாலும் அவருக்கு அவளைப் பிடித்திருந்தது என்பது தெரிந்தது.

அக்காவுக்கு அங்கே ஒன்றே ஒன்றுதான் கஷ்டமாக இருந்தது. ஊருக்குத் திரும்பியதும் யார் கேட்டாலும் உள்ளதைச் சொல்ல வேண்டும், சாக்குப்போக்கு கூடாது, மறைத்தால் குடி திரும்ப வந்துவிடும் என்று சொல்லியிருந்தார்கள். "மத்ததெல்லாம் செஞ்சிடுவேன் டீச்சரு. இத்த எப்டி என் வாயால சொல்லுவேன்?" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் சொல்லமாட்டாள் என்றுதான் நானும் நினைத்தேன்.

அதற்குப் பிறகு நான்கு வருடம் நான் அந்த ஊரில் இருந்தேன். அண்ணன் மில்லுக்குப் போனார், வந்தார். ஒரே ஒரு தீபாவளிக்குத் தவறினார். மறுநாள் காலையிலேயே அக்கா என்னிடம் வந்து, "மெட்ராசுக்கு ஒரு லெட்டர் எழுதுங்க டீச்சரு. குடிச்சிட்டாருன்னு எழுதுங்க. எவ்ளோன்னும் எழுதுங்க" என்றாள். நான் எழுதிக் கொடுத்தேன். அப்புறம் தவறவில்லை. அந்த நான்கு வருடமும் அந்த வீட்டில் நான் சந்தோஷமாக இருந்தேன், குழம்பில் எண்ணெயும் மிதந்தது.

ஆனால் அக்காவை நினைக்கும்போது எனக்கு முதலில் வருவது அவர்களை ஊருக்கு அழைத்து வந்த நாள்தான். தாம்பரத்தில் ஏறும்போதே பஸ்ஸில் கூட்டம். அக்காவுக்கும் எனக்கும் பின்னால் இடம் கிடைத்தது. அண்ணன் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். படப்பை தாண்டியதும் வண்டியில் முக்கால்வாசி எங்கள் ஊர்க்காரர்கள். முன் சீட்டிலிருந்து எதிர்வீட்டுக்காரி திரும்பினாள். தெரு முழுக்கக் கேட்கும் அந்தக் குரலில், "இன்னா, ஒரு மாசமா புருசனும் பொண்டாட்டியும் ஆளையே காணோம்? எங்க போயிருந்தீங்கோ?" என்றாள்.

வண்டியில் பாதிப் பேர் திரும்பிப் பார்த்தார்கள். அண்ணன் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். அக்கா அவரை ஒரு தரம் பார்த்தாள்.

"குடி. குடிய வுட்றதுக்கு ஆசுபத்திரில சேத்திருந்தேன்" என்றாள்.

அப்படி ஒரு பதிலை எதிர்வீட்டுக்காரி எதிர்பார்க்கவில்லை. அக்காவுக்கோ அதோடு நிறுத்தத் தெரியவில்லை.

"சும்மா குடின்னு நெனச்சியா? இருவது வருசத்துக் குடி! அங்க மெட்ராஸ்ல வந்து கெடந்தவங்கெல்லாம் இன்னா குடிச்சிருக்கானுங்க, ஒண்ணுமில்ல. ஒருத்தன் அஞ்சி வருசம், ஒருத்தன் ஆறு வருசம். இவரு ரத்தத்த எடுத்து டெஸ்ட் பண்ணிப் பாத்துட்டு டாக்டரே ஆடிப் பூட்டாரு. 'இம்மாம் குடிச்சிட்டு ஒரு மனுசன் தன் கால்ல நடந்து வந்தானா'ன்னு எழுந்து நின்னுட்டாரு. அங்க இருந்தவங்கள்ல இவரு மாதிரி குடிச்சவனும் இல்ல, இவரு மாதிரி வுட்டவனும் இல்ல. கேட்டுப் பாரு, டீச்சரு பக்கத்துலதான் கீது!"

அண்ணன் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். அவர் தோள் குலுங்கியது. அழுகிறார் என்று பதறி எழுந்தேன். சிரித்துக்கொண்டிருந்தார். மூன்று வருடத்தில் அவர் சிரித்து அன்றைக்குத்தான் நான் பார்த்தேன்.

எதிர்வீட்டுக்காரி அவரை மேலும் கீழும் ஒருமுறை பார்த்தாள். பிறகு கூடையைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்து, "நீ குந்துண்ணா" என்று தன் இடத்தை அவருக்குக் கொடுத்தாள்.